கோபத்துக்கு இங்கிலீஷ்ல எத்தனை பேரு?

போன இதழ்ல வேற எதுக்கோ பதில் எழுதும்போது ஆங்ரி வேற, அன்னாய்டு வேறன்னு ஒரே ஒரு வரி போட்டுட்டு நகர்ந்துட்டேன், அந்த ஒரு வரியப் பிடிச்சுக்கிட்டு இவ்ளோ பேர் எழுதுவீங்கன்னு நெனைக்கல. வந்ததுல ஒரே மாதிரி இருந்ததையெல்லாம் சேர்த்துட்டு மிச்சத்துக்கு இங்க பதில் சொல்றேன். இந்த வாரம் முழுக்க கோபம்தான்.

கேள்வி: டீச்சர், நான் திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கேன். லேப் டிப், அதான் சாயம் போட்டுப் பாத்த துணி சாம்பிள், அனுப்பி மூணு வாரம் ஆச்சு, பையர் ஷேட் அப்ரூவல் குடுக்கவே இல்ல, டையிங்குக்கு துணி போட முடியாம நிக்குது, ஆனா ஷிப்மென்ட் தேதிய மட்டும் மாத்த மாட்டேங்கறாங்க. பொறுக்க முடியாம 'வீ ஆர் வெரி ஆங்ரி அபவுட் திஸ் டிலே'னு மெயில் போட்டுட்டேன். பத்து நிமிஷத்துல எங்க முதலாளிக்கு போன் வந்துடுச்சு, எனக்கு செம திட்டு. இலக்கணம் சரிதானே? ஆங்ரிக்குக் கீழ என்ன வார்த்தை, மேல என்ன வார்த்தைன்னு வரிசையா குடுத்தா பத்திரமா வச்சுப்பேன்.

பதில்: இலக்கணத்துல ஒரு தப்பும் இல்ல தம்பி. நம்ம ஊர்ல 'கோவமா வருது சார்'னு சொல்லிட்டு அடுத்த நிமிஷம் டீ குடிக்கப் போயிடலாம், அந்த வார்த்தை நமக்கு அவ்ளோ லேசு. ஆனா தொழில் பண்றவங்க இங்கிலீஷ்ல, அதுவும் எழுத்துல, ஆங்ரின்னு போட்டா 'உனக்கும் எனக்கும் சண்டை ஆரம்பிச்சாச்சு'ன்னு அர்த்தம் ஆயிடுது, அதனாலதான் அந்த பையர் உங்களுக்கு பதில் போடாம நேரா முதலாளிய கூப்பிட்டாங்க.

வரிசை கேட்டிருக்கீங்க. அன்னாய்டு, அப்புறம் ஆங்ரி, அப்புறம் ஃபியூரியஸ், உச்சில லிவிட், இப்படி நானும் பல வருஷம் போர்டுல தெர்மாமீட்டர் படம் போட்டு சொல்லிக் குடுத்திருக்கேன். இப்ப சொல்லிக் குடுக்கறதில்ல. சூடு எவ்ளோன்னு மட்டும்தான் அதுல தெரியும், எதுக்காக சூடுன்னு தெரியாது, ஆனா இந்த வார்த்தைங்களுக்கு உயிரே அந்த 'எதுக்காக'ங்கறதுலதான் இருக்கு. அன்னாய்டுன்னா சின்ன தொந்தரவு, பக்கத்து வீட்டு ஸ்பீக்கர் சத்தம் மாதிரி. இரிட்டேட்டட்னா அதே சின்ன விஷயம் திரும்பத் திரும்ப உரசறது, பனியன் காலர்ல லேபிள் குத்துமே, ஒரு தடவ குத்தினா ஒண்ணும் இல்ல, நாள் பூரா குத்தினா கழட்டி எறியணும்போல இருக்கும்ல, அது. எக்ஸாஸ்பரேட்டட்னா சொல்லிச் சொல்லி வாய் வலிச்சு 'ச்சே, இனிமே உங்கிட்ட என்னத்தச் சொல்றது'ன்னு கைய விரிக்கறது, அதுக்குள்ள இருக்கறது ஆஸ்பெர்ங்கற லத்தீன் வார்த்தை, சொரசொரப்புன்னு அர்த்தம்.

உங்க நெலமைக்குப் பொருந்தறது ஃப்ரஸ்ட்ரேட்டட். போற வழில ஏதோ தடுக்குது, நம்மளால நகர முடியல, அவ்ளோதான், யாரையும் குத்தம் சொல்லியே ஆகணும்னு இல்ல. நாம 'ஃப்ரஸ்ட்ரேட் ஆயிட்டேன்'னா மனசு விட்டுப்போச்சுங்கற மாதிரி பேசறோம், இங்கிலீஷ்ல அதோட அடிப்படையே தடைபடறதுதான், 1872 ஒப்பந்தச் சட்டத்துல 56ஆவது பிரிவப் பத்தி வக்கீலுங்க பேசும்போது கூட ஃப்ரஸ்ட்ரேஷன்னு சொல்லுவாங்க, அங்க யாருக்கும் கோபம் கிடையாது, ஒப்பந்தத்த நிறைவேத்தவே முடியாமப் போச்சுன்னு அர்த்தம். ஆனா மெயில்ல அதையும் போடாதீங்க. 'வீ ஆர் கன்சர்ன்டு அபவுட் த ஷிப்மென்ட் டேட்'னு ஒரு வரி, அதுக்குக் கீழ வெள்ளிக்கிழமைக்குள்ள அப்ரூவல் வரலன்னா எந்தத் தேதி தள்ளிப்போகும்னு இன்னொரு வரி. கன்சர்ன்டு பாக்க சாதுவான வார்த்தைதான், ஆனா அந்த இடத்துல அதப் படிக்கறவங்களுக்கு நீங்க சீரியஸா இருக்கீங்கன்னு நல்லாவே புரியும்.

கேள்வி: ஆங்ரி வித்தா, ஆங்ரி அட்டா?

பதில்: ஆள் மேலன்னா வித், அட் ரெண்டும் ஓடும், பரீட்சைல வித் போடுங்க. விஷயத்து மேலன்னா அபவுட். 'ஆங்ரி ஆன் மீ' மட்டும் வேண்டாம், அது நம்ம 'என் மேல கோவம்'ங்கறத அப்படியே தூக்கிப் போட்டது.

கேள்வி: நர்ஸிங் முடிச்சுட்டு இங்கிலாந்து போறதுக்கு ஓஈடி, அதான் மருத்துவத் துறைல வேலை பாக்கறவங்களுக்கான இங்கிலீஷ் பரீட்சை, அதுக்குப் படிச்சுக்கிட்டு இருக்கேன் மேடம். கேஸ் நோட்ஸ்ல பேஷண்ட் அஜிடேட்டட், சைல்ட் இரிட்டபிள், சன் அக்ரெசிவ்னு வருது. எல்லாத்தையும் ஆங்ரின்னு மாத்தி லெட்டர்ல எழுதினேன், மார்க் போச்சு. எல்லாம் கோபம்தானே?

பதில்: இல்லம்மா, இத தயவுசெஞ்சு மனசுல வச்சுக்கோங்க, இது மார்க்கோட போற விஷயம் இல்ல.

அஜிடேட்டட்னா நிலைகொள்ளாம இருக்கறது. டாப் லோட் வாஷிங் மெஷின் நடுவுல துணியப் போட்டுக் கலக்கற தண்டு இருக்கே, அதுக்குப் பேரே அஜிடேட்டர்தான், அந்த மாதிரி உள்ள கலங்கிப் போயி ஒருத்தர் எந்திரிக்கறாரு, உக்காருறாரு, டிரிப்ஸ் ஊசியப் பிடுங்கறாரு. அது கோபமா இருக்கலாம், வலியா இருக்கலாம், மூச்சு முட்டறதா இருக்கலாம், பயமா இருக்கலாம். நீங்க ஆங்ரின்னு எழுதிட்டா அடுத்து வர்ற டாக்டர் வலிய தேட மாட்டாரு, சமாதானம்தான் பேசுவாரு.

குழந்தை இரிட்டபிள்ங்கறது இன்னும் முக்கியம். தூக்கினாலும் அடங்காம, பால் குடுத்தாலும் அடங்காம சிணுங்கிக்கிட்டே இருக்கறது அது. உலக சுகாதார நிறுவனம் குழந்தை நோய்க்குப் போட்டிருக்கற வழிகாட்டுதல்ல வயித்துப்போக்குல நீர்ச்சத்து குறையுதுன்னு கண்டுபிடிக்கற அடையாளத்துல கண்ணு குழி விழறது, தோலக் கிள்ளி விட்டா மெதுவா பழைய நெலமைக்குப் போறது, தவிச்சுத் தவிச்சு தண்ணி குடிக்கறது, இதோட சேர்த்து ரெஸ்ட்லெஸ், இரிட்டபிள்னும் போட்டிருக்கும். அத 'குழந்தை கோபமா இருந்துச்சு'ன்னு எழுதினா ஒரு நோய்க்குறியே காணாம போயிடுது. நம்ம பாட்டிங்க 'புள்ள நச்சு நச்சுன்னு அழுவுது, என்னான்னு பாரு'ன்னு சொன்னாங்களே, அவங்க சொன்னது சரியா இந்த இரிட்டபிள்தான்.

அக்ரெசிவ்னா தாக்க வர்றது, வாயாலயோ கையாலயோ. பேஷண்டோட மகன் கத்தினானா, கப்பத் தூக்கி எறிஞ்சானா, கண்ணால பாத்தத அப்படியே எழுதிடுங்க, அதுக்கு என்ன பேரு வைக்கறதுன்னு படிக்கறவங்க முடிவு பண்ணட்டும்.

கேள்வி: மேட், க்ராஸ், பிஸ்ட் மூணுக்கும் என்ன வித்தியாசம்?

பதில்: அமெரிக்கால மேட்னா பெரும்பாலும் கோபம், பிரிட்டன்ல முதல்ல பைத்தியம்னுதான் தோணும். க்ராஸ் பிரிட்டிஷ்காரங்க வார்த்தை, அம்மா பிள்ளைகிட்ட சொல்ற அளவு சின்ன கோபம். பிஸ்ட்னா அமெரிக்கால கடுப்பு, லண்டன்ல குடிபோதை, ரெண்டு ஊர்லயும் கொச்சை, அதனால ஆஃபீஸ் பக்கம் கொண்டு போகாதீங்க.

கேள்வி: பேங்க் எக்ஸாமுக்கு படிக்கறேன். சினானிம் லிஸ்ட்ல இண்டிக்னேஷன் ஈக்வல் டு ஆங்கர்னு போட்டிருக்கு. அவ்ளோதானா?

பதில்: பரீட்சைக்கு அவ்ளோதான், டிக் போட்டுட்டு வந்துடுங்க. ஆனா இத்தனை வார்த்தைல எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான், அதனால கொஞ்சம் நின்னு சொல்றேன்.

டிக்னிட்டின்னு ஒரு வார்த்தை தெரியுமில்ல, மரியாதை, மாண்பு. இண்டிக்னன்ட்டும் அதே வேர்ல இருந்து வந்ததுதான், இது நடக்கத் தகாததுன்னு பாத்து வர்ற கோபம். 1893 ஜூன் 7 ராத்திரி தென்னாப்பிரிக்கால பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷன்ல முதல் வகுப்பு டிக்கெட் கைல இருக்கும்போதே தோல் நிறத்தக் காரணம் காட்டி காந்திய ரயில்ல இருந்து இறக்கி விட்டாங்களே, குளிர்ல வெயிட்டிங் ரூம்ல உக்காந்துட்டு இருந்தப்ப அவருக்கு இருந்தத அன்னாய்டுன்னு சொன்னா அசிங்கம், ஃபியூரியஸ்னு சொன்னாலும் பத்தாது, இண்டிக்னேஷன்தான் சரி.

இன்னொண்ணு, இந்தக் கோபம் அடுத்தவங்களுக்காகவும் வரும். ஒரு தடவ டவுன் பஸ்ல ஒரு பாட்டி, கைல கீரைக்கட்டு கூடை, சில்லறைய சேலை முந்தானைல முடிஞ்சு வச்சிருந்தாங்க, முடிச்ச அவுக்க நேரம் ஆகுது. கண்டக்டர் 'ஏய் கெழவி, சீக்கிரம் எடு'ன்னாரு. பாட்டி ஒண்ணும் சொல்லல, முடிச்சு மட்டும் இன்னும் இறுகிடுச்சு, கை நடுங்குது. ஜன்னல் சீட்ல இருந்த ஒரு பொண்ணு, காலேஜ் ஐடி கார்டு கழுத்துல, எந்திரிச்சு நின்னு 'அண்ணா, அம்மான்னு கூப்பிடுங்க'ன்னு சொல்லுச்சு. சத்தமே போடல, குரல் மட்டும் லேசா ஒடைஞ்சுது. அந்தப் பொண்ணுக்கு அங்க சொந்த நஷ்டம் ஒண்ணும் கிடையாது. வகுப்புல இண்டிக்னன்ட் வரும்போதெல்லாம் நான் அந்தக் குரலத்தான் சொல்லுவேன்.

தமிழ்ல அறச்சீற்றம்னு அழகான வார்த்தையே இருக்கு. ஔவையார் 'ஆறுவது சினம்'னாங்க, பாரதி புதிய ஆத்திசூடில 'ரௌத்திரம் பழகு'ன்னாரு, ரெண்டும் மோதுதேன்னு பிள்ளைங்க கேட்பாங்க. நான் பாக்கறது, ஔவை ஆறச் சொன்னது ஆங்கர், பாரதி பழகச் சொன்னது இண்டிக்னேஷன். ஒரு எச்சரிக்கை மட்டும், இண்டிக்னன்ட்னு எழுதினா அந்த ஆள் தன் பக்கம் நியாயம்னு நம்பறாருன்னுதான் அர்த்தம், நெஜமாவே நியாயம் இருக்கணும்னு இல்ல. கையும் களவுமா மாட்டினவன் கூட 'என்னையா திருடன்கற'ன்னு இண்டிக்னன்டா கேட்கலாம்.

கேள்வி: நான் சட்டக் கல்லூரி மாணவி. அவுட்ரேஜ்னா அவுட் பிளஸ் ரேஜ், வெளிய வர்ற ஆத்திரம்னு எங்க சீனியர் சொன்னாங்க. அப்ப 'அவுட்ரேஜ் ஹர் மாடஸ்டி'ன்னு சட்டத்துல வர்றதுக்கு அர்த்தமே வரலையே?

பதில்: சீனியர் பிரிச்ச இடம் தப்பு. அது பழைய பிரெஞ்சு வார்த்தை, முன்பாதி லத்தீன் அல்ட்ரா, தாண்டினன்னு அர்த்தம், பின்னாடி இருக்கற ஏஜ் மேரேஜ், பேஸேஜ்ல வர்ற அதே ஏஜ், ரேஜுக்கும் அதுக்கும் உறவே இல்ல. ஆக அவுட்ரேஜ்னா முதல்ல எல்லை மீறிய செயல். 1860 தண்டனைச் சட்டம் 354ஆவது பிரிவுல இருந்தது, 2024 ஜூலை 1ல இருந்து பாரதிய நியாய சன்ஹிதால 74ஆவது பிரிவா இருக்கறது, ரெண்டுலயும் அந்த வார்த்தை குறிக்கறது அந்தப் பொண்ணோட கோபத்த இல்ல, அவளோட மானத்துக்கு எதிரா ஒருத்தன் எல்லைய மீறினத. மத உணர்வு பத்தின 295ஏ, இப்ப 299, அங்க வர்ற அவுட்ரேஜும் இதேதான். அப்படிப்பட்ட செயலப் பாத்து ஊரே கொதிக்கறதுக்கும் அவுட்ரேஜ்னே பேரு வந்தது அதுக்கு அப்புறம். பேப்பர்ல 'பப்ளிக் அவுட்ரேஜ்'னு வர்றது அந்த ரெண்டாவது அர்த்தம்.

கேள்வி: ரேஜ், ராத், ஐர், லிவிட் எல்லாம் எப்ப போடறது?

பதில்: ஐர் பேச்சுல வராது, இங்கிலீஷ்ல மூணே எழுத்துங்கறதால பேப்பர் தலைப்புக்கு வசதி. ராத் பைபிள் வாசனை உள்ள வார்த்தை, கடவுளோட சினம், ராஜாவோட சினம், ஆஃபீஸ் மேனேஜருக்குப் போட்டா பொருந்தாது. ரேஜ் வந்தது ரேபிஸ்ங்கற லத்தீன் வார்த்தைல இருந்து, வெறிநாய்க்கடி நோயோட பேரும் அதேதான், புத்தி கைய விட்டுப் போன கோபம்னா மட்டும் ரேஜ், ரோட் ரேஜ்னு சொல்றது அதனாலதான்.

லிவிட்தான் சுவாரஸ்யம். லத்தீன்ல அது ஒரு நிறம், அடிபட்ட இடம் கன்னிப்போனா வருமே, அந்தக் கருநீலம். கோபம்னா செவப்புதானே, இதென்ன கருநீலம்னு தோணும். ஆனா தொல்காப்பியம் உரியியல்ல 'கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள'ன்னு ஒரு சூத்திரம் இருக்கு, கறுப்புங்கற சொல்லும் கோபத்தக் குறிக்கும், சிவப்புங்கற சொல்லும் குறிக்கும். இன்னிக்கும் 'கண்ணு செவந்துடுச்சு'ன்னும் சொல்றோம், 'அதக் கேட்டதும் மாமா மொகம் கறுத்துப் போச்சு'ன்னும் சொல்றோம். கண்ணு செவக்கறவர் கத்தித் தீத்துடுவாரு, மொகம் கறுக்கறவர்கிட்டதான் பயம். லிவிட் அந்த ரெண்டாவது ஆளுன்னு வச்சுக்கிட்டா மறக்காது.

கேள்வி: கும்பகோணத்துல இருந்து எழுதறேன். பேரன் நியூஜெர்சில பொறந்து வளந்தவன், ஒம்பது வயசு. வீடியோ கால்ல உம்முன்னு இருந்தான், 'ஏன்டா கண்ணா ஆங்ரி'ன்னு கேட்டேன், 'ஐ ஆம் நாட் ஆங்ரி பாட்டி, ஐ ஆம் அப்செட்'னு சொல்லி அழுதுட்டான். நான் கேட்டது தப்பா?

பதில்: தப்பில்லம்மா, ஆனா குழந்தை சரியா பிரிச்சு சொல்லியிருக்கான். அப்செட்னா கவுந்து போறது, குடம் கவுந்தா தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு சொல்ல முடியாதுல்ல, அதுல கோபமும் இருக்கும், வருத்தமும் இருக்கும், அவனுக்கே பிரிச்சுப் பாக்கத் தெரியாது. ஆங்ரின்னா எதிர்ல ஒரு ஆள் வேணும். அப்செட்டுக்கு ஆள் வேண்டாம், மடிதான் வேணும். அதனால 'யாரு மேல கோவம்'னு கேட்காம 'வாட் ஹேப்பன்ட் கண்ணா'ன்னு கேளுங்க, மிச்சத்த அவனே கொட்டுவான்.

கேள்வி: ரிசென்ட்மென்ட்டுக்கு அகராதில 'சினம், மனக்கசப்பு'ன்னு போட்டிருக்கு. எனக்கு புரியல.

பதில்: ஒரு அக்கா தம்பி. வீட்ல காசு பத்தாம அக்காவ பத்தாவதோட நிறுத்திட்டாங்க, தம்பி இன்ஜினியர் ஆயிட்டான். 30 வருஷம் கழிச்சு பொங்கலுக்கு தம்பி குடும்பத்தோட வர்றான், அக்கா ஆசையா அவனுக்குப் பிடிச்ச வத்தக்குழம்பு வைக்கறா. கூடத்துல உக்காந்து தம்பி யார்கிட்டயோ 'எங்கப்பா கஷ்டத்துலயும் எங்கள படிக்க வச்சாரு'ன்னு சொல்றான். 'எங்கள'. அடுப்படில கரண்டி ஒரு நொடி நிக்குது, அப்புறம் பழையபடி கிண்டுது. அந்த ஒரு நொடிதான் ரிசென்ட்மென்ட். வார்த்தைக்குள்ளயே திரும்ப உணர்றதுன்னு இருக்கு, என்னிக்கோ நடந்தது ஒவ்வொரு தடவையும் புதுசா வலிக்கறது. அவளுக்கு தம்பி மேல பாசம் கம்மின்னு யாரும் சொல்ல முடியாது. தமிழ்ல பொருமல், ஆற்றாமை ரெண்டும் பக்கத்துல வருது. க்ரட்ஜ்னா ஆள் மேல கறுவு வச்சு பழி தீக்கக் காத்துக்கிட்டு இருக்கறது, அத இதோட குழப்பாதீங்க.

கேள்வி: பையன் ஸ்கூல் ரிப்போர்ட்ல 'லூசஸ் ஹிஸ் டெம்பர்'னு எழுதியிருக்காங்க. டெம்பர்னா கோபம்னா, அத இழந்தா நல்லதுதானே?

பதில்: அருமையான கேள்வி. டெம்பர்னா முதல்ல கோபம் இல்ல, அளவா கலந்த பக்குவம். இரும்ப டெம்பர் பண்றதும் அதே வார்த்தை, சமையல் புத்தகத்துல தாளிக்கறதுக்கு டெம்பரிங்னு போடறதும் அதேதான். லூஸ் பண்றதுன்னா அந்த நிதானத்த இழக்கறது. 'கீப் யுவர் டெம்பர்'னா பொறுமையா இருன்னு அர்த்தம் வர்றது அதனாலதான். காலப்போக்குல 'ஹி ஹேஸ் எ டெம்பர்'னா முன்கோபின்னு ஆயிடுச்சு, ரெண்டும் ஒரே மொழில பக்கத்துல பக்கத்துல வாழுது.

கேள்வி: 'கோவிச்சுக்காதீங்க'ன்னு இங்கிலீஷ்ல எப்படி சொல்றது? 'டோன்ட் பி ஆங்ரி'ன்னு சொன்னா எதிர்ல இருக்கறவங்க மொகம் ஒரு மாதிரி ஆகுது.

பதில்: ஆகும். கோவப்படறது வேற, கோவிச்சுக்கறது வேற, இது நமக்கு சொல்லிக் குடுக்காமலே தெரியும். முன்னபின்ன தெரியாத ஆட்டோக்காரர் மேல கோவப்படலாம், அவர்கிட்ட கோவிச்சுக்க முடியுமா? சமாதானப்படுத்த வருவாங்கங்கற நம்பிக்கை இருக்கற இடத்துலதான் மாப்பிள்ளை கோவிச்சுக்கறாரு, சம்பந்தி கோவிச்சுக்கறாரு, பொண்டாட்டி கோவிச்சுக்கறா. இங்கிலீஷ்ல சல்க்னு சொன்னா சின்னப்பிள்ளைத்தனம்னு திட்டற மாதிரி, டேக் அஃபென்ஸ்னா மனசு புண்பட்டதோட நின்னுடுது, அந்த உரிமை ரெண்டுலயும் வரல. அந்த உரிமையோட ஒரு இங்கிலீஷ் வார்த்தைய நான் இன்னும் பாக்கல.

அதனால கோபத்தையே எடுக்காதீங்க. கேள்வி கேட்கறதுக்கு முன்னாடின்னா 'ஐ ஹோப் யூ டோன்ட் மைண்ட் மை ஆஸ்கிங்'. குறை சொல்றதுக்கு முன்னாடின்னா 'ப்ளீஸ் டோன்ட் டேக் திஸ் த ராங் வே'. கல்யாணத்துக்கு கூப்பிட மறந்துட்டு போன் பண்றீங்கன்னா எந்த முன்னுரையும் வேண்டாம், 'ஐ ஆம் சோ சாரி'ன்னு ஆரம்பிச்சு, நேர்ல போயி பத்திரிகைய குடுத்துடுங்க.